ஜோடிக்கு ஒன்பது: ஒரு சர்வேக்காரியின் மனக்கணக்கு

1. டேப்பும் நாற்காலியும்

நான் செய்த முதல் சர்வேக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. சேலையூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனியில் சர்வே என்று ஒரு வேலை உண்டு. வீடு மாற்றப் போகிறவர் போன் செய்ததும், எங்களில் ஒருவர் நேரில் போய்ப் பார்ப்போம். சாமான் எத்தனை கன அடி வரும், அதற்கு எந்த வண்டி வேண்டும், எத்தனை ஆள் வேண்டும் என்று சொல்ல வேண்டும். கன அடியைத் தொழிலில் சி.எஃப்.டி. என்போம். வண்டி சின்னதாகப் போனால் பாதி வீடு தெருவில் நிற்கும். பெரிதாகப் போனால் பாதி வண்டி காற்றை ஏற்றிக்கொண்டு போகும்.

கிழக்குத் தாம்பரத்தில் இருந்த எங்கள் கம்பெனியில் அதுவரை நான் போன் எடுக்கும் சீட்டில் இருந்தேன். ஜன்னல் இல்லாத அறை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே வாக்கியம். சர்வே பார்த்தவர் துபாய்க்குப் போனதும், "நான் போறேன் சார்" என்று ஓனர் செல்வம் சாரிடம் நானே கேட்டு வாங்கிய வேலை இது.

சேலையூர் வீட்டில் கணவன் மனைவி இருவரும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்கள். கோயம்புத்தூருக்குக் குடிபோக இருந்தார்கள். ஒவ்வொரு சாமானையும் டேப் வைத்து இன்ச்சில் அளந்து, மூன்றையும் போனில் பெருக்கி, கன அடியாக்க 1728ஆல் வகுத்தேன். கணவர் மீட்டிங்கில் இருந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி பாக்கி. டேப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கடைசியில் அவர் மைக்கை அணைத்துவிட்டு, "சிஸ்டர், நான் எழுந்திரிக்கணுமா?" என்று கேட்டார்.

"ஒரே நிமிஷம் சார்" என்றேன். மனிதர் நின்றுகொண்டே மீட்டிங்கைத் தொடர்ந்தார்.

நான் சமையலறையில் இருந்தபோது இன்னொரு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். எல்லாரும் இரண்டு மூன்று கம்பெனியைக் கூப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்தான். என் வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலில் பிரகாரம் சுற்றுவது போல ஒவ்வொரு அறையாக நடந்தார். கையில் டேப் இல்லை. போனைக்கூட வெளியே எடுக்கவில்லை.

"நானூத்தி இருபது வரும் சார். பேக்கிங்கோட பதினாலு அடி வண்டி போதும்" என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். போய்விட்டார். அவர் பெயர் பாலாஜி என்று வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நான் மீதியையும் அளந்து முடித்தபோது 431 வந்தது. பதினோரு கன அடி வித்தியாசம். வண்டி அதே வண்டி. வேலை அவருக்குப் போனது. நான் ஆபீசுக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் முடிவே செய்திருந்தார்கள்.

செல்வம் சார் திட்டவில்லை. "கணக்கு தப்பில்லம்மா ஜெனி. ஆனா நீ அளந்து முடிக்கிறதுக்குள்ள அவங்க கோயம்புத்தூர்ல போய்ப் பாலே காய்ச்சிடுவாங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம். சரிவரலைன்னா போன் சீட் உனக்கு இருக்கவே இருக்கு" என்றார்.

அந்த ஜன்னல் இல்லாத அறையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

2. பெரும்பாக்கம் கேட்டில் கிடைத்த பாடம்

அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று வீடுகளில் பாலாஜியைப் பார்த்தேன். மூன்றுமே அவருக்குத்தான் போயின. நான்காவது முறை பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடி. வாசல் செக்யூரிட்டி மேலே வீட்டுக்கு இன்டர்காம் போட்டுக்கொண்டே இருந்தார். யாரும் எடுக்கவில்லை. வெயிலுக்கு ஒதுங்க ஒரே ஒரு பெஞ்ச். அதில் ஒரு முனையில் அவர், மறு முனையில் நான்.

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். "எப்படிங்க அளக்காமலே சொல்றீங்க?"

"யாருங்க சொன்னது அளக்கலைன்னு? கண்ணால அளக்கிறேன்."

"அதான், எப்படி?"

அவர் செக்யூரிட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க கம்பெனி சர்வே ஆளுங்களுக்கெல்லாம் சொல்லிடுவீங்களே."

"எங்க கம்பெனியில சர்வே ஆளுங்கன்னா நான் ஒருத்திதான்."

சிரித்துவிட்டார். பிறகு மறைக்கவில்லை.

"நம்ம அட்டைப் பெட்டி இருக்குல்ல, ரெண்டடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம். பெருக்கினா நாலரை. இந்த நாலரையை வச்சுக்கிட்டு மண்டையில கணக்குப் போடறது பேஜார். அதனால ரெண்டு ரெண்டா எண்ணுவேன். ஜோடிக்கு ஒன்பது. ஒன்பதால பெருக்கறது சுலபம். பத்தால பெருக்கி ஒரு தடவை கழிச்சுட வேண்டியதுதான். இருபத்தாறு பெட்டின்னா பதிமூணு ஜோடி. நூத்தி முப்பதுல பதிமூணு போனா நூத்திப் பதினேழு."

"பெட்டிக்குச் சரி. ஃபிரிட்ஜுக்கு?"

"ஃபிரிட்ஜைப் பாத்தா ஃபிரிட்ஜ் தெரியக் கூடாதுங்க. எத்தனை ஜோடின்னு தெரியணும். ஒத்தைக் கதவு ஃபிரிட்ஜ் ரெண்டு ஜோடி. ரெட்டைக் கதவு நாலு. இரும்பு பீரோ மூணு, கொஞ்சம் மேல. மூணு பேர் உக்கார்ற சோபா நாலரை. வீட்டைச் சுத்தி வரும்போது ஜோடியை மட்டும் கூட்டிக்கிட்டே வருவேன். கடைசில ஒரே ஒரு தடவை ஒன்பதால பெருக்குவேன்."

இதுவரை பார்க்காத சாமான் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருந்தார். இன்ச்சே வேண்டாம், எல்லாவற்றையும் அரை அடிக் கணக்கில் பார்த்தால் போதும். நீளத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் அகலத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும், தப்பு தப்போடு கழிந்துவிடும். இரண்டரையை இரண்டரையால் பெருக்க வேண்டுமா? இரண்டையும் அதற்கடுத்த மூன்றையும் பெருக்கு, ஆறு. கூட ஒரு கால். ஆறேகால். மூன்றரைக்கு மூன்றும் நான்கும் பன்னிரண்டு, பன்னிரண்டேகால்.

நான் மனதுக்குள் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பள்ளியில் யாரோ சொன்ன ஞாபகம்கூட வந்தது. அப்போது பீரோ இல்லாததால் மண்டையில் ஏறவில்லை போலிருக்கிறது.

சும்மா வாங்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. "பேக்கிங்குக்கு எவ்வளவு சேர்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"குத்துமதிப்பா ஒரு முப்பது."

"எல்லா வீட்டுக்குமா? அது பத்தாதுங்க. போர்வை, பபுள் ஷீட், அட்டை எல்லாம் சுத்தினா நூத்துக்குப் பதினஞ்சு ஏறும்." போன் சீட்டில் இருந்தபோது, வண்டியில் ஏறவில்லை என்ற புகாரெல்லாம் எனக்குத்தான் வரும். அதில் கற்றது அது.

"பதினஞ்சு பர்சன்ட்டை மண்டையில எப்படிப் போடறது?"

"பத்துல ஒரு பங்கு எடுங்க. அதுல பாதி எடுங்க. ரெண்டையும் சேர்த்துடுங்க. அந்தச் சேலையூர் வீடு நானூத்தி இருபது சொன்னீங்களே. நாப்பத்திரண்டு, அதுல பாதி இருபத்தொண்ணு. அறுபத்தி மூணு. மொத்தம் நானூத்தி எண்பத்தி மூணு. பதினாலு அடி வண்டி ஐந்நூறு பிடிக்கும். மயிரிழைல தப்பிச்சீங்க."

பாலாஜி நெற்றியில் தட்டிக்கொண்டார். "அதான் போன வாரம் பம்மல்ல ஒரு வாஷிங் மெஷின் வெளியவே நின்னுடுச்சா" என்றார்.

அதற்குள் செக்யூரிட்டி வந்து, வீட்டுக்காரர்கள் குன்றத்தூர் கோயிலுக்குப் போயிருப்பதாகவும் நாளைக்கு வரச் சொன்னதாகவும் சொன்னார். இருவரும் வெறுங்கையோடு திரும்பினோம். என் வேலையில் நான் அதிகம் கற்றுக்கொண்ட நாள், ஒரு வீட்டுக்குள்ளும் போகாத நாள்தான்.

3. சாணும் சம்பந்தி வீடும்

கணக்கு புரிந்துவிட்டது. கண் பழக வேண்டுமே. என் சாண் எட்டு இன்ச். மூன்று சாண் என்றால் இரண்டடி. கை இரண்டையும் விரித்தால் ஐந்தடி. இதை வைத்துக்கொண்டு கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் வரும் ரயிலில் பயிற்சி எடுத்தேன். எதிர் சீட்டு எத்தனை ஜோடி, மேலே இருக்கும் மூட்டை எத்தனை ஜோடி, ஸ்டேஷனில் நிற்கும் பார்சல் வண்டி எத்தனை ஜோடி. முதலில் கண்ணால் சொல்வேன், பிறகு சாணால் சரிபார்ப்பேன். பாதிக்குப் பாதி தப்பாக இருந்தது. ஒரு வாரத்தில் தப்பு சின்னதாகிக்கொண்டே வந்தது. நாலு வந்தால் ஐந்து என்பேன், நாற்பது என்று சொல்லமாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காவுக்கு மறைமலை நகரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கார் பார்ட்ஸ் ஃபேக்டரியில் வேலை. அவர்கள் வீட்டுக்கு நாங்கள் குடும்பமாகப் போயிருந்தோம். பெரியவர்கள் சர்ச், பாஸ்டர், தேதி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு ஷோகேஸ். கை தானாகப் போய்விட்டது. ஆறு சாண் அகலம். உயரம் என் நெஞ்சுக்கு வந்தது, நாலரை. ஆழம் ஒன்றரை.

"என்னம்மா அளக்கிறே?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"மூணு ஜோடி ஆன்ட்டி" என்றேன், யோசிக்காமல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "மூணு ஜோடியா? என்ன மூணு ஜோடி?" என்று அவர் என் அம்மாவைப் பார்த்தார். கல்யாணத்துக்கு வளையலோ துணியோ நாங்கள் கேட்பதாக நினைத்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. நான் ஷோகேஸ், பெட்டி, ஒன்பது என்று எல்லாவற்றையும் விளக்கி முடிப்பதற்குள் மாப்பிள்ளை சிரித்துச் சிரித்து வெளியே போய்விட்டார். அதோடு அங்கே இருந்த இறுக்கமும் போய்விட்டது. இப்போது அவர்தான் என் அத்தான். எந்த விசேஷத்தில் பார்த்தாலும் "ஜெனி, நான் எத்தனை ஜோடி?" என்று கேட்காமல் விடமாட்டார்.

மாதக் கடைசியில் ஒரு வீட்டை இருபது நிமிடத்தில் முடிக்கத் தொடங்கியிருந்தேன். அதைவிட முக்கியம், வீட்டுக்காரர்களிடம் பேச எனக்கு நேரம் கிடைத்தது. எந்தச் சாமானை அங்கேயே விடப்போகிறார்கள், எது உடைந்தால் அழுவார்கள் என்பதெல்லாம் பேசினால்தான் தெரியும். போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவரை இதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. வேலைகள் வரத் தொடங்கின. போன் சீட்டுக்கு செல்வம் சார் வேறு ஒரு பெண்ணைப் போட்டார். அப்படியென்றால் சர்வே வேலை எனக்குத்தான்.

4. முடிச்சூர் மழை

அதற்கடுத்த மழைக்காலம். எஸ்தர் டீச்சர் என்று ஒருவர், ஸ்கூலில் தமிழ் எடுத்து ரிட்டயர் ஆனவர், முடிச்சூர்ப் பக்கம் தரைத்தள வீட்டில் தனியாக இருந்தார். குன்றத்தூர் ரோட்டில் முதல் மாடியில் வீடு பார்த்திருந்தார். நான்தான் சர்வே பார்த்தேன். முப்பது ஜோடி. முந்நூறில் முப்பது போனால் 270. பேக்கிங் நாற்பது சேர்த்து 310. பதினாலு அடி வண்டி சொல்லியிருந்தேன். ஷிஃப்டிங்குக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அன்று காலையிலிருந்து விடாத மழை. டீச்சர் போன் செய்தார். "ஜெனி, தெருவுல தண்ணி வந்துடுச்சும்மா. ஏரி நிறைஞ்சுடுச்சுன்னு சொல்றாங்க. இன்னைக்கே வர முடியுமா?"

பெரிய வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலை நகரைத் தாண்டிச் சிக்கிக்கொண்டிருந்தது. ஆபீசில் இருந்தது குட்டியானை என்கிற சின்ன வண்டி ஒன்று மட்டும். அதில் நூற்றைம்பது கன அடி ஏற்றலாம். நான் பாலாஜிக்குப் போன் போட்டேன்.

"ஒரு குட்டியானை வேணுங்க. ஆளுங்களோட. உடனே."

"எங்க ஓனர்கிட்ட என்ன சொல்ல?"

"உங்க வண்டிக்கு உங்க கம்பெனி பில்லே போட்டுக்கங்க. எனக்குச் சாமான் வெளிய வரணும், அவ்வளவுதான்."

"லொகேஷன் அனுப்புங்க" என்றார்.

இரண்டு குட்டியானைகளும், தன் வண்டியோடு பாலாஜியும், டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தபோது தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. எங்கள் லோடிங் ஆட்களுக்குத் தலைவர் ஏழுமலை அண்ணன். அவர் தண்ணீரைப் பார்த்தார். "தண்ணி சைலன்சர் வரைக்கும் வந்துச்சுன்னா வண்டி நவுராதுக்கா. இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

டீச்சர் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். "எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடலாமா?" என்று கேட்டார். முப்பது வருடச் சாமான்.

கேட் தூணில் பூச்சு உதிர்ந்து செங்கல் வரிசை தெரிந்தது. ஒரு வரிசை மூன்று இன்ச். "டீச்சர், அரை மணி முன்னாடி தண்ணி எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். ஒரு வரிசை கீழே காட்டினார். சைலன்சர் இன்னும் மூன்று வரிசை உயரத்தில் இருந்தது. அப்படியென்றால் ஒன்றரை மணி நேரம். தூக்க வேண்டியது எழுபது சாமான். ஒரு நடைக்கு மூன்று நிமிடம் வைத்தால் இருநூற்றுப் பத்து நிமிடம். இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து ஆறு பேர். முப்பத்தைந்து நிமிடம். சுற்றுவதற்கும் கட்டுவதற்கும் கூடக் கொஞ்சம்.

"ஒரு மணி நேரத்துல கிளம்பிடலாம் டீச்சர். தண்ணி ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "அப்படின்னா முதல்ல புஸ்தகத்தை எடுங்க" என்று சேலையைச் செருகிக்கொண்டார்.

நேரம் சரி. இடம் சரியில்லை. இரண்டு வண்டியும் சேர்ந்து முந்நூறு. மூலை முடுக்கில் வீணாவது போக இருநூற்று எண்பதுதான் உள்ளே போகும். எனக்கு வேண்டியது 310.

"முப்பது உதைக்குது" என்றேன் பாலாஜியிடம்.

"சுத்தாம ஏத்திடலாமா?"

"மழைங்க. குஷன் எல்லாம் ஊறிடும்."

இருவரும் வீட்டுக்குள் போனோம். ஏழுமலை அண்ணன் ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். காலி ஃபிரிட்ஜ் வாயைத் திறந்துகொண்டு நின்றது. நானும் பாலாஜியும் அதை ஒரே நேரத்தில் பார்த்தோம்.

"உள்ள ஒரு ஜோடி போகும்" என்றார் அவர்.

"பீரோவுல ரெண்டு ஜோடி" என்றேன் நான். மூன்று ஜோடி இருபத்தேழு. வாஷிங் மெஷின் டிரம்மில் இன்னும் மூன்று. முப்பது.

துணிப் பெட்டிகளைப் பிரித்துத் துணியையும் தலையணையையும் ஃபிரிட்ஜிலும் பீரோவிலும் திணித்தோம். "இன்னாக்கா, காலி பீரோவே நாலு பேரு தூக்கணும்" என்றார் ஏழுமலை அண்ணன்.

"துணி மட்டும்தாண்ணா. ஒரு பாத்திரம்கூட வைக்கல."

"நீ சொல்ற, தூக்குறது நாங்க" என்று முனகிக்கொண்டே தூக்கினார்.

பாதி ஏற்றியபோது மழை வலுத்தது. தூணைப் பார்த்தேன். இந்த வரிசை இருபது நிமிடத்தில் ஏறிவிட்டது. முன்பு போட்ட கணக்கு இனி உதவாது. இன்னும் இரண்டு வரிசை, நாற்பது நிமிடம். பாக்கி இருந்த சாமானை எண்ணினேன். முப்பது. கால் மணி நேரத்து வேலை. "போதும், நேரம் இருக்கு. ஓட வேணாம், வழுக்கும்" என்று கத்தினேன். யாரும் ஓடவில்லை. யாரும் விழவில்லை. இரண்டு வண்டிகளும் தார்ப்பாய் போட்டுக் கிளம்பியபோது, சைலன்சருக்கு ஒரு வரிசைக்கு மேல் பாக்கி இருந்தது. டீச்சர் எங்கள் வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டைத் திரும்பிப் பார்க்காமல், "குக்கர் வெயிட்டை எடுத்தேனா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

குன்றத்தூர் ரோட்டு வீட்டில் எல்லாவற்றையும் இறக்கிய பிறகு எண்ணிப் பார்த்தோம். ஒரு கால்மிதியும் மாவுப் பாத்திரமும் காணோம். கால்மிதி முடிச்சூரிலேயே நின்றுவிட்டது. மாவுப் பாத்திரம் வாஷிங் மெஷின் டிரம்முக்குள், நான்கு போர்வைக்கு நடுவில், மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஏழுமலை அண்ணன் வைத்தது. "எங்கியாச்சும் வெக்கணும்ல" என்றார். டீச்சர் அந்த மாவிலேயே எல்லாருக்கும் இட்லி ஊற்றினார். இரண்டு கம்பெனி ஆட்களும் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் செல்வம் சார், போட்டிக் கம்பெனி வண்டியை யாரைக் கேட்டுக் கூப்பிட்டாய் என்று ஆரம்பித்தார். அதற்குள் டீச்சரே அவருக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

5. கண்ணாடிக்குள் ஒரு பீரோ

இப்போது ஆப் வந்துவிட்டது. போன் கேமராவை அறையைச் சுற்றிக் காட்டினால் அதுவே கன அடி சொல்கிறது. நல்ல வசதி. நானும் வைத்திருக்கிறேன்.

சமீபத்தில் குரோம்பேட்டையில் ஒரு வீடு. பாலாஜி இப்போது சொந்தக் கம்பெனி நடத்துகிறார். அவரும் வந்திருந்தார். வீட்டுக்காரப் பையன் ஏற்கெனவே ஆப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஐந்நூத்தித் தொண்ணூறு காட்டுது ஆன்ட்டி. பெரிய லாரி வேணுமா?" என்றான்.

நானும் பாலாஜியும் தனித்தனியாகச் சுற்றி வந்தோம். நான் 410 என்றேன். அவர் 405 என்றார். பையன் எங்கள் இருவரையும் சந்தேகமாகப் பார்த்தான். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

படுக்கையறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதற்குள் தெரிந்த பீரோ, கட்டில், மேஜை எல்லாவற்றையும் ஆப் இன்னொரு அறை என்று எண்ணி வைத்திருந்தது. பையன் வாய்விட்டுச் சிரித்தான். வேலையை மட்டும் எங்கள் இருவருக்கும் கொடுக்கவில்லை. மூன்றாவதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டான். நாங்கள் கீழே வந்து டீ குடித்தோம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆப்பை எடுங்கள், தப்பில்லை. எடுக்கும் முன்னால் ஒரு எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தப்பாகவே இருக்கட்டும். போன் சொல்வதும் நீங்கள் சொன்னதும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிம்மதி. எட்டிப்போனால் இரண்டில் ஒன்று தப்பு, எது என்று போய்ப் பாருங்கள். எண்ணே சொல்லாதவருக்குப் போன் எதைக் காட்டினாலும் சரியாகத்தான் தோன்றும். மனக்கணக்கு என்றால் கடைசி இலக்கம் வரை சரியாகச் சொல்வது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். சாமான் உள்ளே போகுமா போகாதா, நேரம் போதுமா போதாதா, இந்த இரண்டையும் எதிரில் நிற்பவர் பயந்துபோவதற்குள் சொல்லிவிட்டால் அதுவே போதும்.